எதிரில் நிற்கும் மனிதர்
(உருவ வரைவு அவைகள் குறித்து ஒரு திறனாய்வு)

பழந்தமிழில் ஓவியர்க்குக் கண்ணுள் வினைஞர் என்றொரு பெயர் வழங்கியது. காண்பவரின் கண்ணிலே தம் தொழிலை நிலைநிறுத்துவோர் என்பது அதற்கு உரையாசிரியர் கண்ட பொருள். பொருத்தமான விளக்கமே. ஆயினும், பிறர் கண்ணில் தம் வினையை நிறுத்துவதற்கு முன்னர், ஓவியர் தம்முடைய கண்ணிலே ஒரு வினையை நிகழ்த்தியாக வேண்டும். அவ்வினைக்குக் காணல் என்று பெயர். எளிய சொல்தான், ஆனால் எளிய செயலன்று. நாள்தோறும் நூறு முகங்களைப் பார்க்கின்றோம். அவற்றுள் ஒன்றையேனும் கண்டோமா என்று வினவினால் விடை கூறுவது அரிது.

இக்காணலைப் பழக்கமாக்கும் ஓர் ஏற்பாடு ஓவியர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஓர் அறையின் நடுவே ஒருவர் நிற்கிறார் அல்லது அமர்கிறார். அவரைச் சுற்றிப் பத்துப் பேர், இருபது பேர் கூடி அமர்ந்து வரைகின்றனர். வாடகையையும் நிற்பவருக்குரிய ஊதியத்தையும் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். பெரும்பாலும் ஆசிரியர் என ஒருவர் இருப்பதில்லை, தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. இத்தகைய உருவ வரைவு அவைகளின் பயன் யாது, குறை யாது, தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவற்றோடு என்ன தொடர்பு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவையின் நடைமுறை

முதலில் அதன் நடைமுறையைத் தெளிவாக அறிந்துகொள்வோம். அவை தொடங்கியதும் நிற்பவர் ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை, அல்லது இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை தம் நிலையை மாற்றுகின்றார். கண், மூக்கு, விரல் ஆகியவற்றை வரைய அந்த நேரம் போதாது. உடல் எப்பக்கம் சாய்கின்றது, பாரம் எந்தக் காலில் இறங்குகின்றது, தோளும் இடுப்பும் எவ்வாறு எதிரெதிரே சரிகின்றன என்பவற்றை மட்டுமே நாலைந்து கோடுகளில் பிடிக்க இயலும். பின்னர் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் என நிலைகள் நீள்கின்றன. நெடிய நிலைகளுக்கு இடையே நிற்பவர் ஓய்வெடுத்துக்கொள்வார். மீண்டும் அதே நிலைக்குத் திரும்புவதற்காகப் பாதம் பதிந்த இடத்தைத் தரையில் குறித்து வைப்பர். ஒளி ஒரே பக்கத்திலிருந்து விழுமாறு விளக்கை அமைப்பர். புகைப்படம் எடுப்பதற்கு இடமில்லை என்பது பொதுவான விதி.

கருவிகள் மிக எளியவை. கரித்துண்டு, பென்சில், மலிவான தாள், தாளைத் தாங்க ஒரு பலகை ஆகியவையே போதும். அழிப்பதற்கு நேரமில்லாததால் பிழையான கோடும் தாளிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த கோடு அதைத் திருத்துகிறது. இவ்விரண்டு கோடுகளும் ஒரே தாளில் நிற்பதைப் பார்க்கும்போது, ஒரு மனம் ஐயுற்றுத் தெளிந்த வரலாற்றையே நாம் பார்க்கின்றோம். அமர்வுப் படங்களில் நாம் காணும் உயிர்த்துடிப்புக்கு இதுவே காரணம் எனலாம்.

ஓவியர் பென்சிலை நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளந்து பார்ப்பதைப் பலரும் கண்டிருப்பர். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையையே அந்தப் பென்சில் செய்கின்றது. கழுத்துக் குழியிலிருந்து ஒரு நேர்கோடு இறக்கினால் அது பாரம் தாங்கும் பாதத்தருகே வந்து விழ வேண்டும். விழாவிட்டால் தாளில் உள்ள மனிதர் விழுந்துவிடுவார்.

இந்தச் சூத்திரம் நமக்குப் புதியதன்று. நம் சிற்பிகள் படிமத்தின் நடுவே பிரம்ம சூத்திரம் என்னும் நேர்கோட்டை நிறுத்தி, அதிலிருந்து உடல் விலகும் அளவைக்கொண்டு சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என நிலைகளை வகுத்தனர். உத்தம தசதாளம் என்னும் அளவில் படிமத்தின் உயரத்தை 124 அங்குலக் கூறுகளாகப் பகுத்தனர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இடுப்பு வளைந்து ஒரு கால் தளர்ந்து நிற்கும் அழகை வியக்கின்றோமே, அவ்வழகுக்கு அடிப்படை பாரம் இறங்கும் வழியை அறிந்த அறிவு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிற்பநூல் அளவு இறைவனுக்கு உரியது; அது முன்னரே வகுக்கப்பட்டது. உருவ வரைவு அவையில் நிற்பவரோ இன்ன தெருவில் வாழும் இன்ன மனிதர். அவருக்குரிய அளவு எந்த நூலிலும் இல்லை. அவரைப் பார்த்தே அறிய வேண்டும்.

நூற்றாண்டுகள் கடந்த பழக்கம்

உருவ வரைவைப் பள்ளிப் பாடமாகக் கருதுவோர் உண்டு. எனினும் ஓவியர்கள் தாமே கூடி நடத்திய அவைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. லண்டன் நகரில் 1735ஆம் ஆண்டு ஓகார்த் என்னும் ஓவியர் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் கழகத்தை நிறுவியபோது, உறுப்பினர் அனைவரும் சமமாகப் பணம் செலுத்துவதும் சம உரிமை பெறுவதும் அதன் கொள்கையாக இருந்தன. பாரிசில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிஸ் என்பவர் ஓர் ஓவியக்கூடத்தை நடத்தினார். அவர் முன்பு ஓவியர்களுக்கு மாதிரியாக நின்றவர். அவருடைய கூடத்தில் ஆசிரியர் இல்லை; திருத்துவாரும் இல்லை. சிறு கட்டணம் செலுத்தியவர் எவரும் வரையலாம். பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய செசான், பிசாரோ, மோனே ஆகியோர் அங்கே வரைந்தவர்களே. வாழ்நாளெல்லாம் பார்க்கப்பட்ட ஒருவர், பார்ப்பதற்குரிய இடத்தை அமைத்துத் தந்தார் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

ஆசியாவில் இப்பழக்கம் போராட்டமின்றி வேரூன்றவில்லை. சாங்காய் நகரில் லியூ ஹாய்சு தம் ஓவியப் பள்ளியில் ஆடையற்ற மாதிரிகளை வைத்துக் கற்பித்தமைக்காகப் பெரும் கண்டனத்திற்கு உள்ளானார். 1926ஆம் ஆண்டில் அப்பகுதியை ஆண்ட படைத்தலைவர் அதற்குத் தடையும் விதித்தார். அப்பள்ளியில் 1930களில் ஆசிரியராகப் பணியாற்றிய லியூ காங், பின்னர் சிங்கப்பூரில் நிலைபெற்று இந்நாட்டு ஓவிய வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவரானார். சாங்காயில் எழுந்த வினா அவருடன் கடல் கடந்து வந்தது என்று கூறினால் மிகையாகாது.

மலாயாவில் 1952ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பீட்டர் ஹாரிஸ் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழு பல இனத்தவரையும் ஒன்றுகூட்டியது. கிரேஸ் செல்வநாயகம், சிவம் செல்வரத்தினம் ஆகிய தமிழ்ப் பெயர்களையும் அக்குழுவின் வரலாற்றில் காண்கின்றோம். 1956ஆம் ஆண்டில் உசேன் எனாஸ் தலைமையில் மலாய் ஓவியர்கள் அமைத்த இயக்கம் மனித உருவத்தை உள்ளவாறு தீட்டுவதில் நாட்டம் கொண்டது. முன்னது மனத்தின் விடுதலையையும் பின்னது கண்ணின் ஒழுங்கையும் வற்புறுத்தின. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று. கண் ஒழுங்குபெற்ற பின்னர் வரும் விடுதலையே நிலைத்து நிற்கும்.

இரண்டு ஓவியங்கள்

அவையின் பயனை அறிய, அதன் பண்பைத் தாங்கிய இரண்டு ஓவியங்களை நோக்குவோம். முதலாவது, லியூ காங் 1954ஆம் ஆண்டில் தீட்டிய 'ஓவியரும் மாதிரியும்'. 1952ஆம் ஆண்டில் அவரும் சென் சோங் சுவீ, சென் வென் சீ, சியோங் சூ பியெங் ஆகிய மூவரும் பாலித் தீவுக்குச் சென்று வந்தனர். அப்பயணத்தின் பயனாக விளைந்த இப்படத்தில், சென் வென் சீ ஒரு பாலிப் பெண்ணை வரைந்துகொண்டிருக்கிறார். பத்திக் துணியை நினைவூட்டும் வெண்கோடுகள் உருவங்களின் எல்லையை வகுக்கின்றன. வரைபவருக்கும் வரையப்படுபவருக்கும் அக்கோடு ஒன்றே. இருவரையும் ஒரே நேர்மையோடு நோக்கிய கண் இங்கே செயற்பட்டுள்ளது. ஓவியரையும் படத்துக்குள் கொண்டுவந்து அமர்த்தியதால், பார்த்தல் என்னும் செயலே இப்படத்தின் பொருளாகின்றது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. கோடு இருவருக்கும் பொதுவாயினும் பென்சில் ஒருவர் கையில்தான் உள்ளது. ஓவியரின் பெயரை நாம் அறிவோம். பெண்ணின் பெயரைப் படத்தின் தலைப்பு கூறவில்லை. அவள் 'மாதிரி' மட்டுமே.

இரண்டாவது, சுவா மியா தீ 1959ஆம் ஆண்டில் தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு'. மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் மொழி பயில்வோரைக் காட்டும் இவ்வோவியம் சிங்கப்பூர் மக்கள் நன்கறிந்தது. கரும்பலகையில் இரண்டு வினாக்கள் எழுதப்பட்டுள்ளன. ஒன்று பெயரைக் கேட்பது. மற்றொன்று வாழும் இடத்தைக் கேட்பது. அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் தனித்த முகமும் தனித்த இருப்பும் உடையவர். ஒருவரின் முதுகு வளைவு மற்றொருவருக்கு இல்லை. மனித உருவத்தைப் பொறுமையோடு பயின்ற கை இன்றி இத்தகைய படம் பிறவாது. கரும்பலகையில் உள்ள அவ்விரு வினாக்களும் மொழிப் பாடத்துக்கு மட்டும் உரியன அல்ல. உன் பெயர் யாது, நீ எங்கு வாழ்கின்றாய் என்னும் வினாக்களோடு எதிரில் இருப்பவரை நோக்குவதே நல்ல உருவ வரைவின் இலக்கணம். முதல் ஓவியத்தில் எஞ்சிய வினாவுக்கு இரண்டாம் ஓவியம் ஒருவகையில் விடையாகின்றது.

ஓர் ஆசிரியரின் கரிக்கோடு

சிங்கப்பூரில் உருவ வரைவைப் பற்றிப் பேசும் தமிழர் எவரும் நமசிவாயம் அவர்களை மறத்தல் இயலாது. 1926ஆம் ஆண்டு பிறந்து 2013ஆம் ஆண்டு மறைந்த இவர், ஓவியராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்தவர். லாசால் கலைக் கல்லூரியிலும் கற்பித்தவர். 1990ஆம் ஆண்டை ஒட்டி, லியூ காங், சிற்பி இங் எங் தெங், லாசால் கல்லூரியின் நிறுவனர் பிரதர் ஜோசப் மெக்நாலி முதலியோரோடு 'குரூப் 90' என்னும் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் இவரும் ஒருவர். மனித உடலை, ஆடையற்ற உடலையும், கலைக்குரிய பொருளாக ஏற்கச் செய்வதே அக்குழுவின் நோக்கமாக இருந்தது.

நமசிவாயம் அவர்களின் உருவப் படங்களில் முதலில் நம்மைக் கவர்வது கோட்டின் விரைவும் உறுதியும் ஆகும். அழகிய முகத்தைத் தீட்டிக் கண்ணை மகிழ்விப்பதை அவர் நாடவில்லை. உடலின் திருப்பம், அதன் கனம், அது அமர்ந்தும் சாய்ந்தும் நிற்கும் உண்மை ஆகியவற்றையே அவருடைய கோடு தேடியது. தமிழர்க்கு ஓவியம் எனின் தெய்வப் படமும் திரைப்பட விளம்பரமுமே நினைவுக்கு வந்த காலத்தில், தமிழர் ஒருவர் கரித்துண்டும் தாளும் கொண்டு நெடுங்காலம் மனித உடலைப் பயின்றார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஆயினும் அவர் பெயரை அறிந்த தமிழ் மாணவர் எத்தனை பேர்? நம் இலக்கிய விழாக்களில் அவர் கலை எத்துணை முறை பேசப்பட்டது? இவ்வினாக்கள் நம்மை நோக்கியவை.

வாய்பாடும் காட்சியும்

இனி, தமிழோடு உள்ள தொடர்புக்கு வருவோம். கேசாதிபாதம், பாதாதிகேசம் என உருவத்தை முறைப்படுத்திப் பாடும் மரபு நமக்கு உண்டு. பொருநராற்றுப்படையில் பாடினியின் உருவம் கூந்தல் தொடங்கி அடிவரை சொல்லப்படுகிறது. ஆற்றுப்படைப் புலவர் வறுமையுற்ற கூத்தரின் கிழிந்த ஆடையையும் பசித்த வயிற்றையும் கண்ணாரக் கண்டவர். அதனால் அவ்வருணனையில் உயிர் உள்ளது. காலப்போக்கில் காட்சி நீங்கி வாய்பாடு மட்டும் எஞ்சியது. முகம் என்றவுடன் மதி, பல் என்றவுடன் முத்து, இடை என்றவுடன் கொடி எனச் சொற்கள் தாமே வந்து விழத் தொடங்கின. இன்றும் வகுப்பறையில் தாத்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தால், எல்லா மாணவருடைய தாத்தாவும் நரைத்த தலையும் பொக்கை வாயும் கைத்தடியும் உடையவராகவே வருகின்றார். ஒரு மாணவனின் தாத்தா இடக்காலைச் சற்றே இழுத்து நடப்பவராக இருக்கலாம்; அமரும்போது முழங்காலைக் கையால் அழுத்திக்கொள்பவராக இருக்கலாம். அதை அவன் பார்த்திருக்கிறான், ஆனால் காணவில்லை.

ஓவியத்திலும் இதே நிலைதான். நம் இல்லங்களில் தொங்கிய நாட்காட்டிப் படங்கள் பலவற்றுக்கு மூலமானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. அவர் சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். மனித உடலை அறிந்தவர். அவர் படத்தைப் பார்த்து வரையும் சிறுவன் அவர் கண்டதன் எச்சத்தை மட்டுமே வரைகின்றான். அந்தப் படியைப் பார்த்து மற்றொருவன் வரைகின்றான். இப்படி ஒவ்வொரு படியிலும் உடல் மெலிந்து அணிகலன் மட்டும் மிகுகின்றது.

சென்னைக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை இதனோடு ஒப்பிடுக. தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதை உருவாக்கியபோது, அவர் முதல்வராக இருந்த கல்லூரியின் காவற்பணியாளர் ஒருவர் அதற்கு மாதிரியாக நின்றார் என்பர். பாறையைப் பெயர்க்கும் அந்த முதுகுகளில் உழைப்பின் இறுக்கம் தெரிவதற்குக் காரணம், சிற்பி ஒரு மெய்யான முதுகைக் கண்டதே ஆகும்.

தடைகளும் விடைகளும்

உருவ வரைவு அவைகளுக்கு எதிராக மூன்று தடைகள் கூறப்படுவதுண்டு. முதலாவது, பண்பாடு. ஆடையற்ற உடலைப் பலர் கூடிப் பார்ப்பது நம் நெறிக்கு ஒவ்வாது என்பர். இதை எள்ளி நகையாடுவது அறிவுடைமை ஆகாது. பள்ளி மாணவரும் குடும்பத்தினரும் கூடும் சமூக மன்றத்தில் ஆடையணிந்தவரை வரைவதே முறை. அதனால் பயிற்சி குறைவுபடாது. வேட்டியின் மடிப்பும் சேலையின் விழுகையும் உள்ளே இருக்கும் உடலை உணர்ந்தாலன்றி வரைய முடியாதவை. வயதுவந்தோர் முறையான ஒழுங்கோடு மேற்கொள்ளும் பயிற்சி வேறு. அங்கே நிலவும் அமைதியையும் நிற்பவருக்குத் தரப்படும் மதிப்பையும் அறிந்தோர் அதை இழிவாகக் கருதமாட்டார்.

இரண்டாவது, புகைப்படம் இருக்க மனிதர் எதற்கு என்பது. புகைப்படம் ஒரு கணத்தை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. நிற்பவர் மூச்சுவிடுகிறார், களைக்கிறார், இருபது நிமிடத்தில் அவர் தோள் மெல்லத் தாழ்கிறது. அந்தத் தாழ்வையும் சேர்த்து வரைவதே உயிரோவியம். மேலும், புகைப்படம் நம்மைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எதிரில் நிற்பவர் பார்க்கிறார். அந்தப் பார்வை வரைபவரைப் பொறுப்புள்ளவராக்குகின்றது.

மூன்றாவது, இது மேனாட்டுப் பழக்கம் என்பது. பெயரும் முறையும் அங்கிருந்து வந்திருக்கலாம். பாரம் இறங்கும் நேர்கோட்டை அறிந்த சிற்பியின் வழிவந்தோர், தூக்குக்குண்டைப் பிறர் பொருள் எனத் தள்ளுவது விந்தையே.

அவைகளின் குறைகள்

இவற்றின் சிறப்பைக் கூறிய நாம் குறைகளையும் கூறுதல் கடன். முதற்குறை, அவை கைத்திறன் காட்டும் களமாகச் சுருங்கிவிடுவது. வாரந்தோறும் படங்கள் குவிகின்றன. அவற்றிலிருந்து ஒரு முழுமையான ஓவியம் எழுவது அரிதாகிறது. நாளும் சாதகம் செய்து ஒருநாளும் கச்சேரி செய்யாத பாடகரைப் போன்றது இது. இரண்டாவது குறை, இளமையும் கட்டழகும் உடையோரையே பெரிதும் நாடுவது. முதுமையும் உழைப்பும் உடலில் எழுதியுள்ள எழுத்தைப் படிக்காத கண் பாதி குருடு. மூன்றாவது குறை, நிற்பவரை மறந்துவிடுவது. இருபது நிமிடம் அசையாமல் நிற்பது எளிதன்று, கால் மரத்துப்போகும், கை நடுங்கும். அதுவும் ஒரு கலையே. படத்தில் ஓவியர் கையொப்பம் இடுகின்றார். நிற்பவர் விரும்பினால் அவர் பெயரையும் ஓரத்தில் எழுதும் வழக்கம் ஏன் கூடாது?

தமிழ் மன்றங்கள் செய்யத்தக்கது

நம் இயக்கங்கள் கவியரங்கம் நடத்துகின்றன; பட்டிமன்றம் நடத்துகின்றன. ஆண்டுக்குச் சில முறையேனும் உருவ வரைவு அவையையும் நடத்தலாம். செலவு பெரிதன்று, ஒரு கூடம், சில நாற்காலிகள், ஒரு விளக்கு, தாள், கரி ஆகியவை போதும். ஓவியரோடு எழுத்தாளரும் ஆசிரியரும் மாணவரும் அமரட்டும். வரையத் தெரியாதோர் எழுதட்டும். ஒருவர் இருபது நிமிடம் தம்முன் அமர்ந்திருக்க, உவமை ஒன்றும் கூறாமல் அவரை வருணித்து எழுதுமாறு மாணவரைப் பணித்தால் அவர்தம் உரைநடை எவ்வளவு மாறும் என்பதை ஆசிரியர் நேரில் காணலாம்.

நடுவில் அமர்த்தத் தக்கவர் நம்மிடையே பலர் உள்ளனர். தோட்டத்தில் பால் மரம் வெட்டி முதுகு வளைந்த மூதாட்டி, பூத்தொடுக்கும் பெண், உறுமி வாசிப்பவர், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஆகியோரை அழைப்போம். உரிய ஊதியம் தருவோம். பெயரைக் கேட்டு எழுதுவோம். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட பின்னர், அத்தலைமுறையின் உடல்மொழி நம் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. பால் வாளியைத் தோளில் சுமந்த காண்டா அருங்காட்சியகத்தில் இருக்கும். அதைச் சுமந்த தோள் எப்படிச் சரிந்திருந்தது என்பதை யார் காட்டுவர்? அதைச் சொல்ல ஒரு கரிக்கோடு போதும். ஆனால் அவர் உள்ளபோதே அக்கோட்டை இழுத்தாக வேண்டும்.

நம் மக்களின் உருவத்தைப் பிறர் வரைந்து நாம் பார்ப்பதும் ஒரு பேறே. எனினும் நாமே கூடி, நம் முதியோரை நடுவில் அமர்த்தி, அவரை உள்ளவாறு கண்டு வரைவது நம் கடமை. கண்ணுள் வினைஞர் என்னும் பெயரைத் தந்த மொழி, அவ்வினைக்குரிய அவையையும் அமைத்துத் தர வல்லது.